முப்புரிக் கயிற்றைக் கண்ட பேரறிஞர் ஜி.என். இராமச்சந்திரன்



இராமச்சந்திரன் என்ற பெயரைப் பார்த்ததும் உங்களில் பெரியவர்கள் பலருக்கு எம்.ஜி.ஆர். நினைவுதான் வந்திருக்கும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய காலத்தை இன்னும் மறக்காதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் நான் எழுதப் போவது வேறு ஓர் இராமச்சந்திரனைப் பற்றி. இவர் கத்திச் சண்டை போடவில்லை. ஒரு கங்காருவின் வாலிலிருந்து எடுத்த நாரை வைத்துக்கொண்டு, ஈயிலிருந்து யானை வரை எல்லா உயிர்களையும் கட்டி வைத்திருக்கும் கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கிறது என்று கண்டு சொன்னவர். அவருடைய முழுப்பெயர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன்.

இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே ஆட்டுக்கால் சூப்பினால்தான். சிரிக்காதீர்கள். ஐந்தாம் ஆண்டில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, தன் அம்மா இரவில் வைத்த ஆட்டுக்கால் சூப் காலையில் ஏன் கட்டியாகிவிட்டது என்று கேட்டான். கொழுப்பு உறைந்திருக்கும் என்று இன்னொரு பிள்ளை பதில் சொன்னது. கொழுப்பு மேலே வெள்ளை ஆடையாகப் படிவது உண்மைதான். ஆனால் அதன் அடியில் கண்ணாடி மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்கிறதே, அது கொழுப்பு இல்லை. அது ஒரு புரதம். பெயர் கொலாஜன். வெந்து அவிழ்ந்துபோன கொலாஜனைத்தான் ஜெலட்டின் என்கிறோம். (பெருநாளைக்குச் செய்யும் அகார் அகார் கடற்பாசியிலிருந்து வருவது. அது வேறு சாதி. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.)

உங்கள் குதிகாலுக்கு மேலே கையை வைத்துப் பாருங்கள். கயிறு மாதிரி கெட்டியாக ஒன்று தட்டுப்படும். நம்மவர்கள் அதை நரம்பு என்பார்கள். உண்மையில் அது நரம்பல்ல, தசைநாண். தசையை எலும்போடு கட்டும் கயிறு. அது கொலாஜன். தோலுக்கு உறுதி தருவதும், எலும்பு சுண்ணாம்புக் கட்டி போல் உடைந்துவிடாமல் பிடித்து வைப்பதும், பல்லைத் தாடையோடு கட்டி வைப்பதும் அதுவே. நம் உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் கொலாஜன்தான் இருக்கிறது. கோயில் திருவிழாவில் தீயில் காட்டி முறுக்கேற்றி அடிக்கிறோமே தப்பு, அந்தத் தோலும் கொலாஜனே. அன்று நிரை பிடித்து மரம் வெட்டிய முழங்காலையும், இன்று செம்பனைக் குலை தள்ளும் தோளையும் தாங்கி நிற்பதும் இதுதான்.

இத்தனை முக்கியமான பொருளின் உள்ளமைப்பு 1950-ஆம் ஆண்டு வரை உலகத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பையனுக்கு வீட்டிலேயே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்துச் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தபோது அவர் எடுத்தது மின்பொறியியல். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன். இந்தப் பையனின் கூர்மையைப் பார்த்த அவர், தம் துறைக்கு இழுத்துக்கொண்டார். மின்பொறியியல் துறைக்கு ஓர் ஆள் குறைந்தது. லாபம் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1947-இல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு எக்ஸ்ரே கதிர்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்க முதலில் இராமனைத்தான் அழைத்தார். தாம் வர இயலாது, இராமச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இராமன் கைகாட்டினார். இப்படி 1952-இல், முப்பது வயது நிரம்பும் வேளையில், பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் இராமச்சந்திரன் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் எதை ஆராய்வது? இந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் ஜே.டி. பெர்னால் என்ற பேரறிஞர் சென்னைக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, கொலாஜனின் அமைப்பை இன்னும் யாரும் தீர்க்கவில்லை, இதுவரை சொன்ன எதுவும் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவில் லைனஸ் பாலிங் போன்ற பெரிய மேதை 1951-இல் ஓர் அமைப்பைச் சொல்லிப் பார்த்து, அதுவும் தவறிப் போயிருந்தது. நம் ஆளோ அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடுகிறவர்களுக்குக் கொலாஜன்தானே முதல்! அங்கிருந்து கொலாஜன் துண்டுகள் கிடைத்தன. ஆனால் எக்ஸ்ரே படம் தெளிவாக விழ வேண்டுமானால் நார்கள் ஒரே திசையில் ஒழுங்காகப் படுத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நார் கங்காருவின் வாலில் உள்ள தசைநாணில் கிடைத்தது. ஆஸ்திரேலியப் பிராணியின் வாலைச் சென்னையில் உட்கார்ந்து படம் பிடித்தார்கள்! இந்த வேலையில் அவருக்கு வலது கையாக இருந்தவர் கோபிநாத் கார்த்தா.

எக்ஸ்ரே படம் என்றவுடன் ஆஸ்பத்திரியில் எடுக்கும் நெஞ்சுப் படம் மாதிரி நினைக்க வேண்டாம். இந்தப் படத்தில் சில புள்ளிகளும் வளைவுகளும் மட்டுமே இருக்கும். அந்தப் புள்ளிகளின் தூரத்தை அளந்து, கணக்குப் போட்டு, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கும் என்று ஊகிக்க வேண்டும். கூடவே அவர்கள் கையில் ஒரு துப்பும் இருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த மாலை. கொலாஜன் மாலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மணி கிளைசின் என்பதாகவே இருக்கிறது. எல்லா அமினோ அமிலங்களிலும் மிகச் சிறியது கிளைசின்.

ஏன் மூன்றில் ஒன்று? அது ஏன் இருப்பதிலேயே சிறிய மணியாக இருக்க வேண்டும்?

1954 ஆகஸ்டில் இராமச்சந்திரனும் கார்த்தாவும் நேச்சர் ஏட்டில் விடையை வெளியிட்டார்கள். கொலாஜன் ஒற்றை மாலை அல்ல, மூன்று மாலைகள். அடுத்த ஆண்டு அதை இன்னும் திருத்தமாகச் சொன்னார்கள்: ஒவ்வோர் இழையும் இடப்பக்கமாகத் திரிந்திருக்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. நம் பெண்பிள்ளைகள் சடை பின்னுவது போல அல்ல, கயிறு திரிப்பது போல. கயிறு திரித்தவர்களுக்குத் தெரியும், இழையை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்கினால்தான் அவிழாது. மூன்று இழையும் நடுவில் இறுக்கமாகச் சேரும் இடத்தில் பெரிய மணிக்கு இடமே இல்லை. ஒவ்வொரு மூன்றாவது மணியும் அந்த நடுவுக்கு வந்து சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருந்தே தீர வேண்டும். கிளைசின், இன்னொன்று, மற்றொன்று. மறுபடியும் கிளைசின், இன்னொன்று, மற்றொன்று. ஆயிரம் மணிக்கு இப்படியே. நான் இதை வகுப்பில் மூன்று பிள்ளைகளை நிறுத்தி மூன்று கயிற்றைப் பிடிக்கச் சொல்லித்தான் விளக்கினேன். பாடம் முடிந்து முடிச்சை அவிழ்க்க அரைமணி நேரம் ஆயிற்று.

இந்த நடு இடத்துக் கிளைசின் ஒன்றே ஒன்று மாறி, அங்கே பெரிய மணி வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? கயிறு அந்த இடத்தில் பிசகிவிடும். பிறக்கும்போதே எலும்பு ஒடியும் நோயோடு சில குழந்தைகள் பிறக்கிறார்கள். தூக்கினால் ஒடியும், தும்மினால்கூட ஒடியும். அந்தக் குழந்தைகளில் பலரிடம் இருப்பது இந்த ஒரு மணிக் கோளாறுதான் என்று பிற்காலத்தில் கண்டார்கள். தாய் தூக்கியதில் தவறில்லை, தகப்பன் பிடித்ததில் தவறில்லை.

இனிக் கொஞ்சம் கசப்பான கதை. சென்னையின் முப்புரி வெளிவந்த மறு ஆண்டே கேம்பிரிட்ஜிலிருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் கொலாஜனைப் பற்றி எழுதினார்கள். கிரிக் என்பவர் மரபுப் பொருளான டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட இருவரில் ஒருவர். சாதாரண ஆள் இல்லை. மூன்று இழை என்பது சரி, ஆனால் சென்னைக்காரர்கள் சொன்னபடி அடுக்கினால் சில அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிடுகின்றன என்றார்கள். ஒவ்வொரு மூன்று மணிக்கும் இழைகளுக்கு நடுவே இரண்டு பிணைப்பு என்று இராமச்சந்திரன் சொல்லியிருந்தார். அவர்களோ ஒன்றுதான் இருக்க முடியும் என்றார்கள்.

இராமச்சந்திரனுக்கு இது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று அதுவரை யார் அளந்து பார்த்தார்கள்? அந்த நாள்வரை வெளிவந்த சிறு மூலக்கூறுகளின் அளவுகளையெல்லாம் திரட்டச் சொன்னார். இரண்டு அணுக்கள் சாதாரணமாக எவ்வளவு நெருங்குகின்றன, மிஞ்சிப் போனால் எவ்வளவு நெருங்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். அதுவரை நினைத்திருந்ததைவிட நெருக்கமாகவே அணுக்கள் இருக்க முடியும் என்று தெரிந்தது. பிறகு அவரும் சசிசேகரன், இராமகிருஷ்ணன் என்ற இரு மாணவர்களும் சேர்ந்து, புரத மாலையின் ஒவ்வொரு மணியும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் இடிக்கும் என்று கணக்கிட்டு ஒரு வரைபடமாகவே போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் கிடைக்காத ஊரில், கையால் இயக்கும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு செய்த வேலை. 1963-இல் வெளிவந்தது. இன்று உலகம் முழுதும் அதற்கு இராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். கொலாஜனுக்கு மட்டுமல்ல, எல்லாப் புரதத்துக்கும் அது பொருந்தும். புதிதாக எந்தப் புரதத்தின் அமைப்பை யார் கண்டுபிடித்தாலும், சரியா தப்பா என்று இந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பிணைப்புச் சண்டை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? 1994-இல் கொலாஜனைப் போன்ற ஒரு சிறு துண்டைப் படிகமாக்கி அமெரிக்காவில் படம் பிடித்தார்கள். முப்புரி அப்படியே இருந்தது. நேரான பிணைப்பு மூன்று மணிக்கு ஒன்றுதான் இருந்தது. அந்த இடத்தில் கிரிக்கும் ரிச்சும் சொன்னதே சரி. இழைகளைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளும் கோத்துக்கொண்டு நின்றன. தண்ணீர் வழியாகவும் பிணைப்பு உண்டு என்று 1968-இலேயே இராமச்சந்திரன் எழுதியிருந்தார். அவர் கண்டது பெரும்பகுதி சரி, ஒரு பகுதி தவறு. அந்தத் தவறைச் சுட்டிக்காட்டியதால்தான் வரைபடம் பிறந்தது.

இனி, இந்தக் கயிறு முதன்முதலில் எங்கே திரிக்கப்பட்டது என்ற கதைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நம் பால்மரத்தைக் கீறினால் பால் வரும், ஆனால் கொலாஜன் வராது. செடி கொடி மரம் எதிலும் இந்தக் கயிறு கிடையாது. விலங்குகளிடமோ, ஒன்று விடாமல் இருக்கிறது. மண்புழுவில் உண்டு, நண்டில் உண்டு, சொறிமீனில் உண்டு. கண்ணும் காதும் வாயும் நரம்பும் இல்லாமல் பாறையில் ஒட்டிக்கிடக்கும் கடற்பஞ்சிலும் உண்டு. 1990-இல் நன்னீர்ப் பஞ்சு ஒன்றின் மரபணுவைப் படித்தபோது, நம் தசைநாணில் உள்ளது போன்ற நார்க் கொலாஜனுக்குரிய எழுத்துகளே அங்கும் இருக்கக் கண்டார்கள். விலங்குகள் உலகத்தில் தோன்றி 60 கோடி ஆண்டுக்குக் குறையாது என்கிறார்கள். அவ்வளவு பழைய கயிறு.

அதற்கும் முன்னால்? விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவான ஓர் உயிர் தண்ணீரில் வாழ்கிறது. ஒரே ஓர் உயிரணுதான் அதன் உடம்பு. கழுத்துப்பட்டி போட்ட மாதிரி ஒரு வளையமும் நடுவில் ஒரு சாட்டையும் இருக்கும். 2008-இல் அதன் மரபுப் பொருளை முழுதும் படித்தார்கள். அதில் கிளைசின், இன்னொன்று, மற்றொன்று என்னும் அதே மூன்றடித் தாளம் துண்டு துண்டாகக் கிடந்தது. முழுக் கயிறாகத் திரிக்கப்படவில்லை. பஞ்சு மட்டும் தயாராக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பாக்டீரியாக்களிலும் இப்படிப்பட்ட துண்டுகள் உண்டு. எந்த உயிரில் கொலாஜன் உண்டு என்று தேடுகிறவர்கள் இன்றும் தேடுவது இந்தத் தாளத்தைத்தான். இது ஏன் இப்படி இருந்தாக வேண்டும் என்று சென்னையிலிருந்து சொன்னவர் நம் இராமச்சந்திரன்.

சிறு துண்டு எப்படி ஆயிரம் மணிக் கயிறாயிற்று? மாணவர்களே, 9-ஆம் வாய்ப்பாட்டை எடுங்கள். ஒரு மணியைக் குறிக்க மரபணுவில் 3 எழுத்து. மூன்று மணிக்கு 9 எழுத்து. 1980-இல் கோழியின் கொலாஜன் மரபணுவைப் படித்தவர்கள், அது சிறு சிறு பத்திகளாக எழுதப்பட்டிருப்பதையும், பல பத்திகளில் சரியாக 54 எழுத்தே இருப்பதையும் பார்த்து வியந்தார்கள். ஆறொன்பது 54. அதாவது மூன்றடித் தாளம் ஆறு முறை. ஆதியில் 54 எழுத்துள்ள ஒரு சிறு துண்டு இருந்து, அதுவே திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டு நீண்டிருக்கும் என்று அவர்கள் கருதினார்கள். தாத்தா எழுதிய ஒரு வரியையே பேரன்மார் நோட்டு முழுக்க எழுதியது போல. பிறகு முழு மரபணுவும் படியெடுக்கப்பட்டது. ஒரு படி எலும்புக்கும் தோலுக்கும், ஒரு படி குருத்தெலும்புக்கும், இன்னொன்று தசைக்கும் தோலுக்கும் அடியில் விரிக்கும் மெல்லிய விரிப்புக்கும் என்று பிரிந்தது. மனித உடம்பில் மட்டும் 28 வகைக் கொலாஜன் இருப்பதாக எண்ணியிருக்கிறார்கள். எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

இந்தக் கயிற்றுக்கு முறுக்கு நிற்க ஒரு சரக்கு வேண்டும். மாலையில் உள்ள புரோலின் என்னும் மணியில் பிராணவாயு ஏற வேண்டும். அந்த வேலைக்கு உயிர்ச்சத்து சி துணை செய்கிறது. அது கிடைக்காமல்தான் அந்தக் காலத்துக் கப்பலோட்டிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்து பல் விழுந்தது. வீட்டுப் பின்னால் கொய்யா மரம் நிற்கும்போது பிள்ளைகளுக்கு அந்தக் குறை வர வேண்டியதில்லை. (கடையில் விலையுயர்ந்த கொலாஜன் பானம் விற்கிறார்கள். வயிற்றுக்குள் போனால் அதுவும் மீன் முட்டை போலச் செரித்துத் துண்டுகளாகத்தான் போகும். பணம் உங்களுடையது.) கென்னத் டோவ் என்ற அறிஞர் 1970-இல் இதை வைத்தே ஒரு கருத்துச் சொன்னார். கொலாஜனுக்குப் பிராணவாயு தேவை. ஆதிக் கடலில் அது போதிய அளவு சேரும் வரை பெரிய உடம்புள்ள விலங்குகள் தோன்ற முடியாமல் காத்திருந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். பிராணவாயு ஏறிய மணி அதிகமானால் கயிறு அதிகச் சூடு தாங்கும். பனிக்கடல் மீனின் கயிற்றில் அது குறைவு, சின்னச் சூட்டிலேயே அவிழும். ஆட்டுக்காலுக்கு அடுப்பில் எத்தனை விறகு வேண்டும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? இந்த மணி முப்புரியை எப்படி நிலைநிறுத்துகிறது என்பதைப் பற்றி இராமச்சந்திரனே 1973-இல் எழுதியிருக்கிறார்.

அதற்குள் அவர் சென்னையை விட்டுப் போயிருந்தார். துணையாக நின்ற முதலியார் 1969-இல் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு இவரும் புறப்பட்டார். பெங்களூருக்குத் திரும்பி, உயிர்ப்பொருள்களை ஆராயும் புதிய பிரிவு ஒன்றை அமைத்தார். இடையிடையே அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1971-இல் இலட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து, பல பக்கத்திலிருந்து எடுத்த எக்ஸ்ரேக்களை ஒன்றுசேர்த்து உள்ளுறுப்பின் படத்தை உருவாக்கும் கணக்கு முறையைக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தவர்கள் இதைப் படித்தால், அந்தக் கருவிக்கு உதவிய கணக்குகளில் இவருடையதும் ஒன்று என்று தெரிந்துகொள்ளட்டும். 1977-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

1945-இல் கைப்பிடித்த மனைவி இராஜலட்சுமி 1998-இல் காலமானார். அந்தப் பிரிவு அவரை மிகவும் ஒடுக்கிவிட்டது. பக்கவாதமும் நடுக்குவாத நோயும் சேர்ந்துகொண்டன. 1999-இல் உலகப் படிகவியல் சங்கம் எவால்ட் பரிசை அவருக்கு அளித்தபோது அவர் நோயாளியாக இருந்தார். 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 78-ஆம் வயதில், கங்காரு வாலைப் படம் பிடித்த அதே சென்னையில் அவர் உயிர் பிரிந்தது.